செத்த மீனுக்குள் ஓயாத வேலை

வலையிலிருந்து உதறிக் கூடையில் போட்ட சூடை மீன் விடிகாலையில் விறைப்பாக இருக்கும். கண் தெளிந்திருக்கும், செதில் பளபளக்கும். ஐஸ் போடாமல் அப்படியே விட்டால் வெயில் ஏற ஏற வயிற்றுப்பக்கம் இளகத் தொடங்கும். பிறகு விரல் பட்டாலே தோல் பிய்ந்து குடல் வெளியே வரும். வல்வெட்டித்துறையில் மீன் வாங்கிப் பழகியவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை ஒருமுறை அமுக்கியும் பார்ப்பார்கள். வயிறு நெகிழ்ந்த மீனுக்கு யாரும் விலை கேட்பதில்லை.

அந்த வயிற்றை அரித்ததில் பெரும்பங்கு மீனுடையதேதான். சூடை கூட்டமாக மேய்ந்து, வயிறு நிறையத் தின்றுவிட்டு வலையில் சிக்கும் மீன். அந்த நேரத்தில் அதன் குடலில் புரதத்தை அறுக்கும் நொதியங்கள், அதாவது என்சைம்கள், நிறைந்திருக்கும். மீன் உயிரோடு இருக்கும்வரை குடற்சுவர் தன்னைக் காத்துக்கொள்ளும், சிதைந்த இடத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். செத்த பிறகு பழுதுபார்ப்பு நின்றுபோகிறது. நொதியங்களோ நிற்பதில்லை. இரையை அறுத்த அதே முறையில் குடற்சுவரையும், பிறகு வயிற்றுத் தசையையும் அறுக்கின்றன.

கடலையும் பனையையும் நம்பி வாழ்ந்த வடமராட்சிக் கரையில், உணவைக் காப்பதற்கென்று நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த நொதியங்களை நிறுத்துவதற்கோ, மெதுவாக்குவதற்கோ, வேண்டிய அளவு ஓடவிடுவதற்கோ செய்யப்படுபவை. ஐஸ், உப்பு, வெயில், பழப்புளி, சுண்ணாம்பு, கொதிநீர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் நொதியத்தைத் தொடுகிறது. எது எங்கே தொடுகிறது என்று பார்த்தாலே நொதியவியலின் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நொதியம் என்பது, சில விலக்குகள் தவிர, ஒரு புரதம். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, அந்தச் சங்கிலி தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்து சுருண்டு கிடக்கிறது. மடிப்புகளுக்கிடையே ஒரு சிறு குழி. வேதிவினை நடப்பது அந்தக் குழியில்தான். எந்த மூலக்கூறு அந்தக் குழிக்குப் பொருந்துகிறதோ அதை மட்டும்தான் நொதியம் பிடிக்கும். ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894இல் இதைப் பூட்டும் சாவியும் போல என்றார். குழி அவ்வளவு விறைப்பானது அல்ல, மூலக்கூறு வந்து உட்காரும்போது சற்றே நெகிழ்ந்து அதை இறுக்கிக்கொள்கிறது என்று 1958இல் அமெரிக்கரான டேனியல் கோஷ்லண்ட் திருத்தினார்.

அந்த இறுக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. எந்த வேதிவினையும் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் ஆற்றல் கேட்கும். சர்க்கரையைக் காற்றில் வைத்தால் அது தானாக எரிந்து சாம்பலாவதில்லை, தீ வைக்க வேண்டியிருக்கிறது. நொதியத்தின் குழிக்குள் சிக்கிய மூலக்கூறில் உடைய வேண்டிய பிணைப்பு இழுபட்டு வலுவிழப்பதால், அந்தத் தொடக்க ஆற்றல் மிகக் குறைந்துவிடுகிறது. வினை முடிந்ததும் நொதியம் சேதமில்லாமல் வெளியே வந்து அடுத்த மூலக்கூறைப் பிடிக்கிறது. நம் இரத்தத்தில் காபனீரொட்சைட்டை நீரோடு சேர்த்துவைக்கும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் மூலக்கூறுகளை இப்படிக் கையாளுகிறது.

இதற்கு உயிர் தேவையில்லை என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் உறுதியானது. சர்க்கரை சாராயமாக மாறுவதற்கு உயிருள்ள ஈஸ்ட் வேண்டும் என்று லூயி பாஸ்டர் அடித்துச் சொல்லியிருந்தார். 1897இல் எட்வார்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, செல் ஒன்றுகூட இல்லாத சாற்றை எடுத்தார். சாறு கெடாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்தார். சாற்றில் நுரை கிளம்பியது. செத்து அரைபட்ட ஈஸ்டின் நொதியங்கள் சர்க்கரையைச் சாராயமாக்கிக்கொண்டிருந்தன. 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கூடையில் கிடக்கும் மீனின் தசைக்குள்ளும் இதுவே நடக்கிறது, ஆனால் ஒழுங்கான படிகளாக. தசையின் எரிபொருளான ஏ.டி.பி. என்ற மூலக்கூறை நொதியங்கள் ஒவ்வொரு படியாகக் கழற்றுகின்றன. ஏ.டி.பி. தீர்ந்ததும் மீன் விறைக்கிறது. அடுத்து உருவாகும் ஐ.எம்.பி. என்ற பொருள் நாவுக்கு இனியது. நல்ல மீனின் சொதியில் உப்பும் புளியும் தவிர வேறொரு ருசி அடியில் நிற்கிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. பிறகு இன்னொரு நொதியம் ஐ.எம்.பி.யை இனோசினாக்கும், வேறொன்று இனோசினை ஹைப்போசாந்தின் ஆக்கும். ஹைப்போசாந்தின் கசக்கும். நேற்றைய மீன் நாற்றம் வருவதற்கு முன்பே சப்பென்று ஆகிப்போவது இதனால்தான்.

1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் படிகளை அளந்து மீனின் புதுமைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். பிற்பட்ட படிகளில் உருவாகும் இனோசினும் ஹைப்போசாந்தினும், ஏ.டி.பி.யும் அதிலிருந்து வந்தவையும் சேர்ந்த மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதே அந்த எண். ‘கே மதிப்பு’ என்று அதற்குப் பெயர். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பச்சையாக உண்ணத் தகும் மீன் என்று கொள்வார்கள். கிருமிகள் பெருகுவதற்கு முன்பே, மீனின் சொந்த நொதியங்கள் எவ்வளவு தூரம் நடந்துவிட்டன என்பதை அது காட்டிவிடும்.

ஐஸ் செய்வது அந்த நடையை மெதுவாக்குவதுதான். சூடு குறையும்போது மூலக்கூறுகளின் அலைச்சல் குறைகிறது, நொதியத்தின் குழியில் வந்து மோதும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகிறது, மோதுபவற்றிலும் வினைக்குத் தேவையான ஆற்றலோடு வருபவை குறைகின்றன. பொதுவாக 10 பாகை செல்சியஸ் குறைந்தால் வினையின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ ஆகிறது. மீன்வளத் துறையினர் பயன்படுத்தும் ஒரு கணக்கின்படி, 0 பாகையில் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால் 10 பாகையில் அது நான்கு. பாக்கு நீரிணையின் கடல்நீர் போல 28 பாகையில் பதினான்கைத் தாண்டும். ஐஸில் பத்து நாள் தாங்கும் மீன் வெறும் கூடையில் ஒரு நாள்கூடத் தாங்காது என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. வெப்பக்கடல் மீனின் நொதியங்களும் அதன் மேலுள்ள கிருமிகளும் 28 பாகைக்குப் பழகியவை. 0 பாகை அவற்றுக்குப் பெரிய வீழ்ச்சி. நோர்வேக் கடலின் மீனுக்கோ 5 பாகையே வீடு, ஐஸ் அதற்கு அவ்வளவு அந்நியம் அல்ல. அதனால் ஒரே அளவு ஐஸில் நம் கடல் மீன் குளிர்கடல் மீனைவிடக் கூடுதல் நாள் நிற்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அண்டார்டிக் கடலில் மைனஸ் 1.9 பாகையில் வாழும் மீன்களும் உண்டு. அந்த மீன்களின் நொதியங்கள் கூடுதல் நெகிழ்ச்சியோடு அமைந்திருப்பதால் அந்தக் குளிரிலும் குழி இறுக முடிகிறது.

குளிர் நொதியத்தை மெதுவாக்கும், கெடுக்காது. ஐஸிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கொதிநீர் அப்படி அல்ல. சூடு ஏற ஏற முதலில் வேகம் கூடும். ஒரு கட்டத்தில், பெரும்பாலான நொதியங்களுக்கு 40 முதல் 60 பாகைக்குள், புரதச் சங்கிலியை மடித்து வைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகள் அறுந்து வடிவம் குலையும். குழி இல்லாமல் போகும். முட்டை வெள்ளை வெந்து கட்டியாவதும் இந்தக் குலைவுதான். வெந்த முட்டையைக் குளிரூட்டினால் பழையபடி ஆகாது, குலைந்த நொதியமும் அப்படியே.

வடகடலில் கடலட்டை பிடிப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். கடலட்டையின் உடற்சுவரில் அதையே கரைக்கும் நொதியங்கள் இருக்கின்றன. பிடித்ததை வெயிலில் போட்டு வைத்தால் அது குழைந்து உருவிழந்துவிடும். ஆகவே குடலை எடுத்து, தாமதியாமல் அவித்து, அதன் பின்னரே உலர்த்துகிறார்கள். அவிப்பது சமைப்பதற்கு அல்ல, தன்னைத்தானே தின்னும் நொதியங்களைக் குலைப்பதற்கு.

சூட்டைத் தாங்கும் நொதியங்களும் இருக்கின்றன. முற்றிய ஆட்டிறைச்சிக் கறியில் பப்பாசிக் காய்த் துண்டு இரண்டு போடுவது பழைய சமையல் வழக்கம். பப்பாசிக் காய்ப் பாலிலுள்ள பப்பேன் என்ற நொதியம் 65 பாகைக்கு அருகிலும் புரதத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். சட்டி மெல்லச் சூடேறும் அந்த நேரம்தான் அதன் வேலை நேரம், கொதி வந்தபின் அதுவும் குலையும். இன்னும் கடுமையானது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்வாடிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதியம். தோமஸ் புரொக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அந்தப் பாக்டீரியாவை 1969இல் உலகுக்கு அறிவித்தார்கள். 95 பாகையிலும் பல நிமிடங்கள் தாங்கும் அதன் டி.என்.ஏ. நகலெடுக்கும் நொதியம்தான் பி.சி.ஆர். பரிசோதனையின் உயிர்நாடி. கொரோனாக் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடத்தில் மாதிரிகளைச் சோதித்தபோது இயங்கியதும் அதே முறைதான்.

சுறா இன்னொரு கதை. சுறா வறைக்குப் பெயர்போன யாழ்ப்பாணத்தில், பழைய சுறா மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை அடிக்கும் என்பது சமைப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். சாதாரண மீனில் அந்த வாடை அவ்வளவு வராது. காரணம் சுறாவின் தசையில் ஏறத்தாழ 2 விழுக்காடு யூரியா இருக்கிறது. நம் உடல் சிறுநீரில் கழித்துவிடும் யூரியாவை, கடல் உப்பின் இழுவைக்கு ஈடுகொடுப்பதற்காகச் சுறா தன் உடலிலேயே வைத்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. யூரியா செறிவாக இருந்தால் புரதங்களின் மடிப்பைத் தளர்த்தும். அப்படியானால் சுறாவின் சொந்த நொதியங்கள் எப்படிப் பிழைக்கின்றன? அதே தசையில் டி.எம்.ஏ.ஓ. என்ற இன்னொரு பொருள், யூரியாவில் ஏறத்தாழ பாதி அளவுக்கு இருக்கிறது. அது புரத மடிப்புகளை இறுக்கும். தளர்த்துவதும் இறுக்குவதும் ஒன்றையொன்று சரிக்கட்டி, சுறாவின் நொதியங்கள் இயல்பாக ஓடுகின்றன.

சுறா செத்ததும் அந்த ஏற்பாடு கிருமிகளின் கைக்குப் போகிறது. யூரியேஸ் என்ற நொதியம் உள்ள பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கின்றன. வேறு பாக்டீரியாக்கள் டி.எம்.ஏ.ஓ.வை டி.எம்.ஏ. என்ற அமீனாக மாற்றுகின்றன. மீன் வெடுக்கு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த அமீன்தான், மற்ற கடல் மீன்களிலும் அது உண்டு. யூரியேஸ் இல்லாவிட்டால் யூரியா நீரில் ஆண்டுக்கணக்கில் உடையாமல் கிடக்கும். நொதியம் அந்த வினையை விரைவாக்குவது, ஒன்றுக்குப் பின் பதினான்கு சுழி போட்டால் வரும் அளவு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நொதியம் ஒரு புரதம் என்று உலகை ஒப்புக்கொள்ள வைத்ததும் இதே யூரியேஸ்தான். பதின்ம வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்த ஜேம்ஸ் சம்னர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917இல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஒற்றைக் கையால் ஜாக் அவரை விதைகளைக் கரைத்து வடித்துக்கொண்டிருந்தார். நம் தோட்டத்துத் தம்பட்டை அவரைக்கு உறவான இனம் அது. 1926இல் அவருக்கு யூரியேஸ் படிகமாகக் கிடைத்தது. சோதித்தால் அது புரதம். அந்தக் காலத்தின் பெரிய நொதிய அறிஞரான ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் அதை ஏற்கவில்லை. 1946இல் சம்னருக்கு நோபல் பரிசு வந்தது. அந்தப் புரதத்தின் குழியில் நிக்கல் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பது 1975இல்தான் தெரியவந்தது. நிக்கல் இல்லாமல் யூரியேஸ் வெறும் புரதம்.

மீனைக் கழுவும்போது தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசுவதற்கும், கறியில் பழப்புளி விடுவதற்கும் இந்த வெடுக்கோடு தொடர்பு இருக்கிறது. அம்மோனியாவும் டி.எம்.ஏ.யும் காரத்தன்மை உடையவை. அமிலம் பட்டால் காற்றில் பறக்காத உப்பாக மாறிச் சட்டியிலேயே தங்கிவிடும், மூக்குக்கு எட்டாது. அமிலத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு. நொதியத்தின் குழியில் இருக்கும் மின்னூட்டங்களை அது மாற்றிவிடும். மூலக்கூறைப் பிடிக்க வேண்டிய இடத்தில் மின்னூட்டம் மாறினால் பிடி தளரும். அமிலம் மேலும் ஏறினால் மடிப்பே குலையும்.

ஒவ்வொரு நொதியத்துக்கும் அதற்கு இசைந்த ஒரு பி.எச். எல்லை, அதாவது அமில-கார அளவு, இருக்கிறது. நம் இரைப்பையில் புரதத்தை அறுக்கும் பெப்சினுக்கு பி.எச். 2 அளவிலான கடும் அமிலம்தான் பிடிக்கும். சிறுகுடலில் அதே வேலையைச் செய்யும் டிரிப்சினுக்கு 8 அளவு வேண்டும். இரண்டும் இடம் மாறினால் இரண்டும் படுத்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பனையடிக்குப் போனால் போதும். பாளை சீவி முட்டி கட்டும்போது உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் விடியலில் இறங்குவது இனிப்பான கருப்பணி. தடவாமல் விட்டால் இறங்குவது கள். இரண்டுக்கும் ஊறும் சாறு ஒன்றே, அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் சுக்ரோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் சாற்றில் விழுந்ததும், அதன் இன்வர்டேஸ் என்ற நொதியம் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளக்கிறது. அவற்றை ஈஸ்டின் மற்ற நொதியங்கள் சாராயமாக்குகின்றன. கூடவே பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சேர்க்கின்றன. இன்வர்டேஸுக்கு இசைந்த பி.எச். 4.5 சுற்றுவட்டாரம், புளிக்கப் புளிக்க அதற்கு வசதிதான். சுண்ணாம்பு பட்ட சாறோ காரத்தன்மைக்கு ஏறிவிடுகிறது. ஈஸ்டும் வளர முடியாது, இன்வர்டேஸும் ஓட முடியாது.

பனங்கட்டி காய்ச்சுபவர்களுக்கு இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். சுக்ரோஸ் உடையாமல் இருந்தால்தான் பாகு இறுகிக் குட்டானுக்குள் கட்டியாக நிற்கும். சுண்ணாம்பு குறைந்து சர்க்கரை பிளந்துவிட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும், காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு கூடினாலும் நிறம் கறுத்து ருசி கெடும். அளவு கைப்பக்குவத்தில் இருக்கிறது.

பி.எச். என்ற அளவுகோலே இப்படி ஒரு நொதிப்புத் தொழிலிலிருந்து பிறந்தது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பியர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த சோரன் சோரன்சன், நொதியங்களின் வேகம் அமிலத்தோடு எப்படி மாறுகிறது என்று அளக்க முயன்றபோது 1909இல் அதை வகுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1913இல், பெர்லினில் லியோனோர் மிக்கேலிசும் கனடாவிலிருந்து வந்த மாட் மென்டனும் இன்வர்டேஸையே எடுத்து, சர்க்கரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சர்க்கரை கூடக் கூட வேகமும் கூடியது. ஆனால் ஓர் எல்லைக்குமேல் சர்க்கரை எவ்வளவு கூடினாலும் வேகம் ஏறவில்லை. எல்லா நொதியங்களின் குழிகளும் நிரம்பிவிட்டன, இனி வேகம் வேண்டுமானால் நொதியத்தைத்தான் கூட்ட வேண்டும். அவர்கள் எழுதிய சமன்பாடு இன்றும் உயிர்வேதியியலின் முதல் பாடம்.

அமிலமும் சூடும் இல்லாமல் நீரை மட்டும் எடுத்துவிட்டாலும் நொதியம் ஓய்ந்துவிடும். மூலக்கூறுகள் நகர்ந்து குழியைத் தேடி வர நீர் வேண்டும். சங்கிலியும் நெகிழ்வதற்கு நீர் வேண்டும். கருவாட்டில் உப்பு தசையின் நீரை இழுத்து வெளியேற்றும், மிச்ச நீரையும் தன்னோடு கட்டிப்போடும், வெயில் அதை உலர்த்தும். உப்புப் போதாமல் போனால் வெளிப்புறம் காய்ந்து, முள்ளையொட்டிய தசையில் நொதியங்களும் கிருமிகளும் வேலையைத் தொடரும். வியட்நாமில் இதைத் திட்டமிட்டே செய்கிறார்கள். நெத்தலியோடு நிறைய உப்பைச் சேர்த்துப் பல மாதம் தொட்டியில் அடைத்து வைக்கிறார்கள். உப்பு கிருமிகளை அடக்கும், மீனின் சொந்த நொதியங்கள் மட்டும் மெதுவாக ஓடித் தசையைக் கரைக்கும். வடிந்து வருவது மீன் சாறு, அவர்கள் ‘நுவொக் மாம்’ என்பது.

நீர் எடுத்தால் நிற்பது நீர் கொடுத்தால் தொடங்கும் என்பதற்குப் பனம்பாத்தி சாட்சி. முற்றிய பனங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பு கத்தி இறங்காத கடினம். மன்னான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்பட்ட சேமிப்பு அது. பாத்தியில் ஈரம் பட்டதும் முளையின் ஒரு பகுதி உள்ளே பஞ்சாகப் பெருக்கிறது. பிள்ளைகள் விரும்பித் தின்னும் பூரான் அதுதான். கடினமான சேமிப்பை நொதியங்கள் சிறு சர்க்கரைகளாக அறுத்துக் கொடுக்க, பூரான் அவற்றை உறிஞ்சி முளைக்கு அனுப்புகிறது. சில மாதத்தில் அந்தச் செல்வம் கீழே கிழங்கில் மாப்பொருளாகச் சேர்ந்துவிடும். கிழங்கைப் பிளந்து பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். முன்னதில் நொதியங்கள் நீரின்றி உறங்குகின்றன, பின்னதில் சூட்டால் குலைந்துவிட்டன.

எல்லா இடத்திலும் நொதியத்தை நிறுத்துவது நல்லது என்றும் சொல்ல முடியாது. மரவள்ளிக் கிழங்கில் லினமாரின் என்ற பொருள் செல்லுக்குள் ஓர் அறையில் இருக்கிறது, அதை உடைக்கும் லினமாரேஸ் செல்சுவரில் இருக்கிறது. கிழங்கைச் சீவும்போதும் நறுக்கும்போதும் இரண்டும் சந்திக்கின்றன, ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. அது 26 பாகையிலேயே ஆவியாகிவிடும் நஞ்சு. ஆகவே இங்கே நொதியம் ஓட வேண்டும், பிறந்த நஞ்சு பறக்க வேண்டும். நறுக்கி நீரில் போட்டுச் சற்று விட்டு, மூடி இல்லாமல் அவித்து, அந்த நீரை வடித்துக் கொட்டச் சொல்வது இதற்காகத்தான். முழுக்கிழங்கை நேரே கொதிநீரில் தள்ளினால் லினமாரேஸ் முதலில் குலைந்து லினமாரின் மிஞ்சிவிடும். சயனைடு நஞ்சாவதும் ஒரு நொதியத்தின் வழியாகத்தான். செல்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் நிற்கும் சைட்டோகுரோம் ஒட்சிடேஸின் இரும்பில் அது ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடுகிறது.

இரும்பு, செம்பு, நிக்கல் என்று உலோகங்களும் சில விற்றமின்களும் நொதியங்களுக்குத் துணையாக நிற்பவை. இறாலின் தலை கறுப்பது செம்பு உள்ள ஒரு நொதியத்தால். வெட்டிய கத்தரிக்காயைக் கறுக்க வைப்பதும் அதே குடும்பம், ஒட்சிசனைத் தடுக்கவே தண்ணீரில் போடுகிறோம். விற்றமின் சி வேறு வகைத் துணை. நம் தோல், ஈறு, இரத்தக்குழாய்களின் கயிறான கொலாஜனை முறுக்கும் நொதியத்தில் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பு துருவேறி முடங்காமல் பார்த்துக்கொள்வது விற்றமின் சி. பாய்க்கப்பல் காலத்தில் மாதக்கணக்கில் பச்சைக் காய்கனி இல்லாமல் கடலில் இருந்த ஐரோப்பிய மாலுமிகளுக்கு ஈறு வீங்கிப் பல் ஆடியது, பழைய காயங்கள் மீண்டும் திறந்தன. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அவ்வூர் மாலுமிகளோடு புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது, அந்த அறிவு உலகெங்கும் பரவி இருந்தது. விற்றமின் சியைத் தனியே பிரித்தெடுத்தும் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கடைசியாக, மீன் வாங்குபவர்களும் விற்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒரு நொதியம் இருக்கிறது. சூரை, கும்பிளா போன்ற சிவந்த தசை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். அவை வெயிலில் சில மணி நேரம் கிடந்தால், சில பாக்டீரியாக்கள் பெருகி, அவற்றின் ஹிஸ்டிடின் டிகார்பொக்சிலேஸ் அதை ஹிஸ்டமினாக மாற்றும். மீனின் நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. பிறகு ஐஸில் போட்டால் பாக்டீரியா வளர்ச்சி அடங்கும், ஆனால் ஏற்கெனவே உருவான நொதியம் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் நொதியமும் பாக்டீரியாவும் அழியும், ஹிஸ்டமின் அழியாது. தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைச் சூட்டையும் அது தாங்கும். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது.

அதற்கு மேல் போனால் உண்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து எரியும், தலை இடிக்கும், உடலில் தடிப்பு எழும், சிலருக்கு வயிற்றோட்டம் வரும். பார்ப்பவர்கள் மீன் ஒவ்வாமை என்று நினைப்பார்கள், சிலர் ஆயுளுக்கும் அந்த மீனை விட்டுவிடுவார்கள். உண்மையில் அவர்களுடைய உடலில் குறை எதுவும் இருக்காது. அன்றைக்குப் பிடித்து உடனே ஐஸில் வைத்த அதே இன மீனை மறுவாரம் உண்டால் ஒன்றும் செய்யாது. ஒரே சட்டியில் உண்ட நாலைந்து பேருக்கும் ஒன்றாக வந்தால் அது ஒவ்வாமை அல்ல, ஹிஸ்டமின் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பதும் அதனால்தான்.